காடும் பழங்குடி உரிமையும்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையூர்களில் வன உரிமை மனு எழுத உதவப் போய்வருகிறவர்கள் நாங்கள். பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், ஊட்டிக்குச் சுற்றுலா போகிறவர்கள், சில நேரம் மலையூர்க்காரர்களே கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். வரிசை எல்லாம் பார்க்கவில்லை. வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

பழங்குடி, ஆதிவாசி, மலைவாழ் மக்கள்: எப்படிச் சொல்வது சரி?

முதலில் அவர்கள் பெயரைச் சொல்லுங்கள். இருளர், சோளகர், காட்டுநாயக்கர், பணியர், பளியர், முதுவர், காணிக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கிறது. பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பழங்குடி' நல்ல சொல். கூடலூர்ப் பக்கம் 'ஆதிவாசி' என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அங்குள்ள சங்கத்தின் பெயரே ஆதிவாசி முன்னேற்றச் சங்கம். 'மலைவாழ் மக்கள்' என்பதில் ஒரு சிக்கல் உண்டு. செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்து இருளர்கள் ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் இருப்பவர்கள், மலைக்கும் அவர்களுக்கும் தூரம். 'காட்டுவாசி' மட்டும் வேண்டாம். அது திட்டுவதற்குப் பயன்படுகிற சொல் என்பது எல்லோருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டில் எத்தனை பழங்குடிகள் இருக்கிறார்கள்?

2011 கணக்கெடுப்பின்படி 7,94,697 பேர், மாநில மக்கள்தொகையில் 1.1 சதவீதம். அரசின் பழங்குடிப் பட்டியலில் 36 சமூகங்கள் இருந்தன. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தைச் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய 6 சமூகங்களை அரசு மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று தனியாகக் குறித்திருக்கிறது. தோடர்கள் மொத்தமே சுமார் 2,000 பேர்தான்.

ஒரே சமூகம் ஒரு மாவட்டத்தில் பழங்குடி, பக்கத்து மாவட்டத்தில் இல்லையாமே?

ஆமாம், அப்படித்தான். சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, ஜவ்வாது மலையில் இருக்கும் மலையாளி சமூகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். (கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இவர்கள் சொல்லும் கதை.) பட்டியலில் இவர்கள் பெயருக்குப் பக்கத்தில் சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சி, புதுக்கோட்டை என்று மாவட்டங்களின் பெயர் எழுதியிருக்கிறது. அந்தியூரை அடுத்த பர்கூர் மலையில் இருப்பவர்கள் அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தார்கள், இன்று ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறார்கள். இரண்டு பெயருமே பட்டியலில் இல்லை. பெண் கொடுத்து பெண் எடுப்பது இரு பக்கமும் நடக்கிறது. சான்றிதழ் மட்டும் ஒரு பக்கத்தோடு நின்றுவிடுகிறது.

பட்டியலில் இருந்தாலும் சான்றிதழ் சுலபம் என்று நினைக்க வேண்டாம். பழங்குடிச் சான்றை தாசில்தார் தருவதில்லை, ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அல்லது சப் கலெக்டர் தர வேண்டும். "அப்பாவின் சான்றிதழைக் கொண்டு வா" என்பார்கள். பள்ளிக்கூடமே போகாத அப்பாவுக்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன பிள்ளைகளிடம் காரணம் கேட்டுப் பாருங்கள், பாதிக் கதை இந்தத் தாளில்தான் வந்து முடியும்.

காடு அரசாங்கத்தின் சொத்து. அதில் இவர்களுக்கு எப்படி உரிமை வரும்?

கேள்வியைத் திருப்பிப் போட்டால் பதில் சுலபம். காடு எப்போது அரசாங்கத்தின் சொத்தானது?

சென்னை மாகாணத்தில் அது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தோடு தொடங்குகிறது. ஒரு பகுதியைக் 'காப்புக்காடு' ஆக்கப் போகிறோம், உரிமை கோருகிறவர்கள் இத்தனை மாதத்துக்குள் வந்து சொல்லுங்கள் என்று அறிவிப்பு வரும். கெஜட்டில் வரும். எழுத்தே இல்லாத மொழியைப் பேசிக்கொண்டு, கிழங்கு தோண்டிக்கொண்டு, தேன் எடுத்துக்கொண்டு இருந்தவர்கள் அதைப் படித்து உரிய தேதிக்குள் ஆட்சேபம் எழுதியிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. எழுதவில்லை. ஆகவே உரிமை இல்லை. தலைமுறை தலைமுறையாக இருந்த ஊர் ஒரே நாளில் 'ஆக்கிரமிப்பு' ஆகிவிட்டது.

நீலகிரியில் கதை இன்னும் முன்னால் போகிறது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலை ஏறினார். சில வருடத்தில் ஊட்டியில் கல் பங்களா கட்டினார். இன்றைய அரசுக் கலைக் கல்லூரி இருப்பது அங்கேதான். தோடர்களின் எருமை மேய்ந்த புல்வெளி வெள்ளைக்காரர்களின் கண்ணுக்கு 'வெறும் நிலமாக'த் தெரிந்தது. அதில் சீகை மரமும் தைல மரமும் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த அரசும் அதையே தொடர்ந்து நட்டது. சோலையும் புல்வெளியும் சேர்ந்துதான் அந்த மலை தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது என்பது மெதுவாகத்தான் புரிந்தது. இப்போது சீகையை வெட்டிப் புல்வெளியை மீட்கத் திட்டம் போடுகிறார்கள். 

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், தமிழர்களாகிய நமக்குக் கொஞ்சம் சங்கடமான விஷயம். 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழர்கள் இங்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதுதான் பின்னாளில் டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். கூடலூர், கோத்தகிரிப் பக்கத்து வனநிலத்தில் தேயிலை நட்டார்கள். வந்தவர்கள் பாவப்பட்டவர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காட்டில் ஏற்கெனவே இருந்த பணியரையும் காட்டுநாயக்கரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2006-இல் வந்த வன உரிமைச் சட்டம் தன் முகவுரையிலேயே இதை 'வரலாற்று அநீதி' என்று ஒப்புக்கொள்கிறது. ஆக, அரசு புதிதாக எதையும் தானம் பண்ணவில்லை. இருந்த உரிமையை 'அங்கீகரிக்கிறது'. சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது.

சரி, அந்தச் சட்டம் எதைத் தருகிறது?

2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து உழுதோ குடியிருந்தோ வரும் வனநிலத்துக்கு உரிமை, ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 4 ஹெக்டேர். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. கல்யாணமானவர்கள் என்றால் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுத வேண்டும். பட்டியல் பழங்குடி அல்லாதவர்களும் கேட்கலாம், ஆனால் 75 வருடமாக அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும்.

எல்லோரும் இந்தத் தனிப் பட்டாவையே பேசுகிறார்கள். என் கணக்கில் அதைவிடப் பெரியது சமூக உரிமை. தேன், கடுக்காய், நெல்லிக்காய், சீமாறுப் புல், மூங்கில் எல்லாவற்றையும் எடுக்கவும் விற்கவும் உரிமை. மேய்ச்சல், மீன் பிடிப்பு, சாமி இடம், இடுகாடு. எல்லாவற்றுக்கும் மேலாக ஊர் தன் எல்லைக்குள் இருக்கும் காட்டைத் தானே காத்து நிர்வகிக்கிற உரிமை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்கிற கோண்டு பழங்குடி ஊர் 2009-இல் இதைப் பெற்றது. 2011 முதல் தன் காட்டு மூங்கிலைத் தானே வெட்டி விற்கிறது.

காட்டுக்குள் ரோடு போட, அங்கன்வாடி கட்ட வனத்துறை விடாதாமே?

இதே சட்டத்தின் 3(2) பிரிவைக் காட்டுங்கள். பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர், ரோடு என 13 வகை வேலைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு மிகாமல் வனநிலம் தரலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. பிரசவ வலி வந்தவளைத் தொட்டில் கட்டித் தூக்கி வருகிற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பிரிவுதான் ஞாபகம் வரும்.

மனு எப்படிப் போடுவது? எங்களிடம் ஒரு தாளும் இல்லையே.

மலையூர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் கிராம சபை. ஊராட்சிக்கு ஒன்று கூடுகிறதே, அது இல்லை. வன உரிமைச் சட்டத்துக்கு உங்கள் பதியே, உங்கள் ஊரே ஒரு கிராமம். 20 ஊர் சேர்ந்த ஊராட்சியின் சபையில் மலையில் இருக்கும் 30 வீட்டுக்காரர்களின் குரல் காணாமல் போகும். இதை விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தச் சபை வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: 10 முதல் 15 பேர், குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

படிவம் மூன்று. தனிநிலத்துக்கு 'ஏ', சமூக உரிமைக்கு 'பி', ஊரே காட்டைக் காக்கிற உரிமைக்கு 'சி'. மூன்றாவது 2012-இல் விதிகளைத் திருத்தியபோது வந்தது. பல இடங்களில் 'ஏ' மட்டும் கொடுத்துவிட்டு மற்ற இரண்டும் இருப்பதையே சொல்வதில்லை.

அப்புறம் ஆதாரம். இரண்டு ஆதாரம் இருந்தால் போதும். வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, வீட்டு வரி ரசீது, வனத்துறை போட்ட அபராத ரசீது இருந்தால் நல்லது. (ஆமாம், "ஆக்கிரமிப்பு" என்று 1980-இல் போட்ட அபராதம் இன்று நீங்கள் அன்றே அங்கே இருந்ததற்குச் சாட்சி. தாத்தா அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தால் அவருக்கு ஒரு கும்பிடு போடுங்கள்.) தாளே இல்லாவிட்டாலும் சட்டம் கை விடவில்லை. பழைய கிணறு, கல்வரப்பு, வீட்டு அடித்தளம், வைத்து வளர்த்த பலா மரம், சாமி கல், புதைத்த இடம் எல்லாமே ஆதாரம். ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வைத்தால் அதுவும் ஆதாரம். "எங்க பாட்டன் குழி அந்த நாவ மரத்தடியிலதான் இருக்கு" என்று ஒரு பாட்டி சொல்வதை, நீதிமன்றத்தில் எடுபடுமா என்று யோசிக்காமல், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

செயற்கைக்கோள் படத்தில் வயல் தெரியவில்லை என்று மட்டும் சொல்லி மனுவைத் தள்ள முடியாது. படம் துணைக்குத்தான். மரங்களுக்கு அடியில் ராகியும் சாமையும் போடுகிறவர்களின் நிலம் மேலிருந்து பார்த்தால் காடாகத்தான் தெரியும்.

குழு நிலத்தை அளக்கும், சபை தீர்மானம் போடும், கோப்பு கோட்ட அளவிலான குழுவுக்கும் பிறகு கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் கையெழுத்துப் போட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை ஓர் ஊரின் மொத்தக் கோப்பும் "எங்களிடம் வரவே இல்லை" என்று ஆகிவிட்டது. நகல் இல்லாமல் ஒன்றரை வருட வேலையைத் திரும்பச் செய்தோம். இன்றும் நினைத்தால் எரிச்சல்தான்.

மனுவைத் தள்ளிவிட்டால்?

காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வாயால் சொன்னால் போதாது. அது கைக்கு வந்ததிலிருந்து 60 நாளுக்குள் மேல்குழுவிடம் முறையிடலாம். இந்த வேலை முழுதாக முடிகிறவரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்று 4(5) பிரிவு சொல்கிறது. 2019 பிப்ரவரி 13-இல் மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடு முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் அதில் அடங்கும். இரண்டே வாரத்தில், பிப்ரவரி 28-இல், அந்த உத்தரவை நீதிமன்றமே நிறுத்தி வைத்தது. ஆக, தள்ளுபடித் தாள் வந்த அன்றே மூட்டை கட்ட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் ஏன் இவ்வளவு தாமதம்?

ஒரு காரணம் நீதிமன்றம். எங்கள் அனுமதி இல்லாமல் இறுதிப் பட்டா தரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2008-இல் சொன்னது. அந்தக் கட்டு 2016-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் அவிழ்ந்தது. எட்டு வருடம் போயிற்று. இன்னொரு காரணம், பழங்குடிகள் அதிகம் வாழும் இடங்கள் என்று அரசமைப்பின்படி தனியாகக் குறிக்கிற ஐந்தாம் அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டில் எதுவும் இல்லை. அதனால் 1996-இல் வந்த பழங்குடிப் பகுதி ஊராட்சிச் சட்டம் இங்கே செல்லாது, ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் கிராம சபைக்கு இருக்கிற பலம் இங்கே இல்லை. மூன்றாவது காரணத்தை எல்லோரும் அறிவோம். ஒரு சதவீதம் பேரின் ஓட்டுக்காக யார் மலை ஏறுவார்கள்?

பட்டா கொடுத்தால் காடு அழியாதா? புலி என்ன ஆகும்?

தாளவாடி, சத்தியமங்கலம் பக்கத்துச் சோளகர்களின் சொந்தபந்தம் எல்லாம் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையிலும் உண்டு. அங்கே புலிகள் காப்பகத்துக்குள்ளேயே 2011-இல் சோளகர்களுக்குச் சமூக வன உரிமை கொடுத்தார்கள். புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அது நடந்தது நாட்டிலேயே முதல்முறை. அடுத்த கணக்கெடுப்பில் புலி குறையவில்லை, கூடியிருந்தது. உரிமை கொடுத்ததால்தான் கூடியது என்று நான் சொல்ல வரவில்லை. உரிமை கொடுத்தால் புலி போய்விடும் என்கிற பயத்துக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை, அவ்வளவே.

சோளகர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். முன்பெல்லாம் கோடையின் தொடக்கத்தில் சருகுக்குச் சின்னதாகத் தீ வைப்பார்கள், 'தரகு பெங்கி' என்று பெயர். தரையோடு ஓடி அணைந்துவிடுகிற தீ அது. வனத்துறை அதைத் தடுத்தது. அதன் பிறகுதான் உண்ணிச்செடி காடு முழுக்கப் புதராக மண்டியது, மானுக்குப் புல் போனது, வருகிற தீயும் பெரிய தீயாக வருகிறது என்பது அவர்கள் கணக்கு. ஆராய்ச்சியாளர்களும் இதை இப்போது காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

வாச்சாத்தி என்றால் என்ன? அடிக்கடி சொல்கிறீர்களே.

தருமபுரி மாவட்டம், சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கும் ஊர். 1992 ஜூன் 20-இல் சந்தனக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறையினர் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை இடித்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள், 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29-இல் தீர்ப்புச் சொன்னது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. முப்பத்தோரு வருடம். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் ஒரு மலையூர்ப் பாட்டி ஏன் கதவைச் சாத்துகிறாள் என்று கேட்காதீர்கள்.

இருளர்கள் இன்னும் பாம்பு பிடிக்கிறார்களா?

பிடிக்கிறார்கள், லைசென்ஸோடு. 1972-இல் வந்த வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்றது. அதை நம்பி இருந்த இருளர்கள் பட்டினி கிடந்தார்கள். 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது, இன்றைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடித்து வந்து, சில வாரம் பானையில் வைத்து விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டுத் திரும்ப விட்டுவிடுவார்கள். நாட்டில் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இவர்கள் கையால் வருவது. 2023-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது என்று சொல்கிறவர்கள். அவர்களின் சொந்தக்காரர்கள் பலர் இன்றும் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் வாங்கிச் சிக்கிக்கொள்கிறார்கள். வீட்டுமனைப் பட்டாவுக்கு அலைகிறார்கள். காட்டில் இல்லாததால் வன உரிமைச் சட்டமும் இவர்களுக்கு அதிகம் உதவாது.

மாசிப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். ஊர் ஊராக இருளர்கள் வந்து மணலில் சேலையால் தடுப்புக் கட்டித் தங்குவார்கள். கன்னியம்மனுக்கு விடிகாலையில் பூசை. கல்யாணப் பேச்சு, மொட்டை, காதுகுத்து எல்லாம் அங்கேயே.

பழங்குடிகளின் மருத்துவ அறிவை வைத்து மருந்து செய்தால் அவர்களுக்குப் பங்கு உண்டா?

1987-இல் அகத்தியமலைக் காட்டில் விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டிய காணிக்காரர்கள், களைப்பே இல்லாமல் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் பக்கத்துத் தாவர ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து தயாரித்து, 1995-இல் ஒரு கோயம்புத்தூர் ஆயுர்வேத நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகையில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி, 1997-இல் அதற்கு ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. உலகம் முழுக்க இதை முன்னுதாரணமாகப் பேசுகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் மற்ற ஊர்க் காணிக்காரர்கள் "எங்களை யாரும் கேட்கவில்லையே" என்றார்கள். ரகசியத்தைச் சொன்னவர்கள் இரண்டு மூன்று பேர். அறிவு மொத்தச் சமூகத்துடையது. இந்தச் சிக்கல் இன்னும் தீரவில்லை.

தோடர் மொழி தமிழின் பேச்சு வழக்குதானே?

இல்லை. தோடமும் கோத்தமும் தனித்தனித் திராவிட மொழிகள், தமிழுக்கு உறவு. எழுத்து இல்லாததால் மொழி இல்லை என்றாகாது.

ஊட்டியில் தோடர் மந்துக்குப் போகலாமா? படம் எடுக்கலாமா?

தாவரவியல் பூங்காவுக்கு மேலேயே ஒரு மந்து இருக்கிறது, கூட்டம் போய்க்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் மந்து என்பது அவர்கள் குடியிருக்கும் ஊர். உங்கள் வீட்டு வாசலில் யாரோ வேனில் வந்து இறங்கி, கோலம் போடுகிற உங்கள் அம்மாவைப் படம் எடுத்தால் என்ன செய்வீர்களோ அதை நினைத்துக்கொள்ளுங்கள். எருமைப் பால் சார்ந்த கோயில்களுக்கு அவர்களுக்குள்ளேயே கட்டுப்பாடு உண்டு, அவர்கள் வீட்டுப் பெண்களே உள்ளே போவதில்லை. வேலியைத் தாண்டாதீர்கள். கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் போனைப் பையில் வையுங்கள்.

சால்வை வாங்குவதானால் பூத்தையல் போட்ட பெண்களிடமோ அவர்களின் சங்கத்திடமோ வாங்குங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும், நூலை எண்ணி எண்ணிக் கையால் போடுவது. 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் மெஷின் தையல்.

உலகப் பழங்குடிகள் நாளான ஆகஸ்ட் 9-க்கு எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பழங்குடி வேடம் போட்டு நடனம் வைக்கலாமா?

இலை கட்டி, முகத்தில் கறுப்பு பூசி, "ஹூ ஹா" என்று ஆடுவதுதானே? வேண்டாம், டீச்சர். அப்படி ஆடுகிற பழங்குடி தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. அந்த வகுப்பிலேயே ஓர் இருளர் பிள்ளை உட்கார்ந்திருக்கலாம்.

1982-இல் ஐ.நா.வின் தொல்குடிகள் குறித்த பணிக்குழு முதல்முறையாகக் கூடிய நாள் ஆகஸ்ட் 9. அதனால் அந்தத் தேதி. 2007-இல் ஐ.நா. தொல்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்துக்கு 144 நாடுகள் ஆதரவாக ஓட்டுப் போட்டன, இந்தியாவும்தான். எதிர்த்தவை நான்கு: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. ஆனால் இந்தியர்கள் எல்லோருமே தொல்குடிகள்தான் என்பது நம் அரசின் நிலைப்பாடு. எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் இதையே விவாதமாக வைக்கலாம், பிள்ளைகள் நன்றாகப் பேசுவார்கள். பக்கத்தில் ஒரு பழங்குடி ஊர் இருந்தால் அங்கிருந்து ஒரு பெரியவரை அழைத்து வாருங்கள். போக வர பஸ் காசும் அன்றைய கூலியும் கொடுங்கள், பொன்னாடை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நாங்கள் சில நண்பர்கள். மலையூருக்குப் போர்வை, அரிசி கொண்டுவந்து கொடுக்கலாமா?

முதலில் போன் போட்டு ஊரில் கேளுங்கள். போன வருடம் ஒரே ஊருக்கு மூன்று குழுவினர் போர்வை கொண்டுவந்தார்கள், மூன்று முறையும் போட்டோவுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. என்ன வேண்டும் என்று நாங்கள் கேட்டபோது ஊர்த் தலைவர் சொன்னது: கையில் பிடித்து அளக்கிற ஜி.பி.எஸ். கருவி ஒன்று, அதை ஓட்டத் தெரிந்த ஆள் ஒருவர், நான்கு நாளைக்கு. அப்புறம், படிவங்களை நகல் எடுக்க ஜெராக்ஸ் செலவு. கீழே இறங்கினால்தான் ஜெராக்ஸ் கடை, பஸ் ஒரு நாளைக்கு இரண்டு.